'லா பயதேர்' பாலேவை நம் நடன வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? பெத்திபாவைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பாலே நான் கற்றதில்லை. இங்கே புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

என் நாத்தனார் மகள் பாரிஸில் இருக்கிறாள். "அத்தை, இது நம்ம ஊர் கோயில் நடனக்காரி கதை, கட்டாயம் பாருங்க" என்று பாரிஸ் ஓபராவின் 'லா பயதேர்' பதிவு ஒன்றை அனுப்பினாள். மரியுஸ் பெத்திபா என்பவர் 1877இல் ரஷ்யாவில் அமைத்த பாலே, பின்னால் நூரெயெவ் என்ற ரஷ்ய நடனக்காரர் பாரிஸுக்காக எடுத்து அமைத்தார் என்று எழுதியிருந்தது.

முதல் அரை மணி நேரம் எனக்கு நெஞ்சு கொதித்தது. கோயிலில் ஆடும் பெண் வயிறு தெரிய சட்டையும் தொளதொள கால்சட்டையும் போட்டுக்கொண்டு வருகிறாள். கோயில் குருக்கள் அவளைக் கட்டிப்பிடிக்க வருகிறார். பக்கிரி என்று சிலர் தீயைச் சுற்றிக் குதிக்கிறார்கள். கும்பிடுவதற்குக்கூட கையை எங்கேயோ வைக்கிறார்கள். ஒரு முத்திரை இல்லை, முழங்கால் மடக்கி நிற்கும் ஒரு அரைமண்டி இல்லை. பெயர் நிகியாவாம். எந்த ஊரில் பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள்?

அப்புறம் அந்தக் கடைசிப் பகுதி வந்தது. பெண் பாம்பு கடித்துச் செத்துவிட்டாள். காதலன் அபின் மயக்கத்தில் கிடக்கிறான். இருட்டில் ஒரு சரிவுப் பாதை. வெள்ளை உடையில் ஒரு பெண் வருகிறாள், ஒரு காலைப் பின்னால் தூக்கி முன்னால் சாய்கிறாள், நிமிர்ந்து பின்னால் வளைகிறாள், இரண்டு அடி வைக்கிறாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அதே அசைவு. அவள் பின்னால் இன்னொருத்தி. மேடை நிறையும்வரை அது நிற்கவே இல்லை. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இத்தனை பேர் மேடையில் இருந்தும் ஒருவர் மூச்சுபோல் இருந்தது.

முதல் பாதியையும் இதையும் செய்தவர் ஒரே ஆள்தானா? பெத்திபாவை ஏன் இவ்வளவு பெரியவர் என்கிறார்கள்? நம் பெண்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? முக்கியமாக, இதை என் மாணவிகளுக்குக் காட்டலாமா கூடாதா?

---

வில்லியனூர் வாசகர்:

டீச்சர், என் கருத்து: காட்ட வேண்டாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை நம் கோயிலை முதன்முதலாக அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கக் கூடாது. தேவதாசி மரபு பற்றி நம் வீடுகளிலேயே நேராகப் பேசத் தெரியாமல் இருக்கிறோம். இதில் ரஷ்ய அரண்மனைக்காரர்கள் ரசிக்கச் செய்த கற்பனையை வேறு ஏன் சேர்க்க வேண்டும்? பெத்திபா இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அழகாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

---

லாஸ்பேட்டை வீட்டுக்காரி:

டீச்சர் அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் நான் வளர்ந்தது பிரான்ஸில். சிறுவயது முழுக்க பாலே வகுப்பு. தொழிலாகப் போகவில்லை, ஆனால் நீங்கள் சொன்ன அந்த வெள்ளை உடை வரிசையை, 'நிழல்கள் காட்சி' என்பார்கள், பள்ளி ஆண்டு விழாவுக்காக ஆடியிருக்கிறேன். சரிவுப் பாதையில் இல்லை, சமதரையில்தான். அதனால் உள்ளே இருந்து சொல்ல முடியும்.

முதலில் நீங்கள் கேட்டது: ஆம், ஒரே ஆள்தான். பெத்திபா பிரெஞ்சுக்காரர், 1818இல் மார்செய்யில் பிறந்தவர். அப்பாவும் அண்ணனும் நடனக்காரர்கள். 1847இல் நடனக்காரராக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். 1871இல் அங்கே அரசு நாடக அரங்குகளின் தலைமை பாலே ஆசிரியர் ஆனார், 1903 வரை அந்தப் பதவி. வாழ்நாளில் பெரும்பகுதியை அங்கே கழித்தும் ரஷ்ய மொழி அவருக்குச் சரியாக வரவில்லை என்பார்கள். அரசு சம்பளம், அரசு பள்ளி, கையில் எப்போதும் பயிற்சி பெற்ற பெரிய குழு. அந்த வசதி அன்றைக்கு ஐரோப்பாவில் வேறு எங்கும் அந்த அளவுக்கு யாருக்கும் கிடைக்கவில்லை. பாரிஸிலேயே பாலே சோர்ந்துபோயிருந்த காலம் அது.

ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலேக்களை அமைத்தார். 'டான் கிஹோட்டே' 1869, 'லா பயதேர்' 1877, சைகோவ்ஸ்கி இசையில் 'உறங்கும் அழகி' 1890, கிளாசுனோவ் இசையில் 'ரேமோண்டா' 1898. 'அன்னப் பறவை ஏரி' 1895இல் அவரும் லெவ் இவானோவும் சேர்ந்து அமைத்தது. ஏரிக்கரையில் அன்னங்கள் ஆடும் பகுதி இவானோவ் செய்தது. பெத்திபாவின் பெயர் பெரிதாகிப் பெரிதாகி இவானோவ் பெயர் மறைந்துபோனது எனக்கு எப்போதும் வருத்தம். அதைச் சொல்லாமல் பெத்திபாவைப் புகழ முடியாது.

ஏன் பெரியவர் என்றால், அக்கா, உங்களுக்கு மார்க்கம், அதாவது கச்சேரியில் உருப்படிகள் வரும் வரிசை, என்று சொன்னால் உடனே புரியும். தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் வருவதற்கு முன்னாலும் அலாரிப்பு, வர்ணம், பதம், தில்லானா என்ற உருப்படிகள் இருந்திருக்கும். ஆனால் இன்றைக்கு அரங்கேற்றம் என்றால் எது முதல், எது நடு, எது முடிவு என்று நாம் கேட்காமலே தெரிந்துவைத்திருக்கிறோமே, அந்த வரிசைக்குப் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள். பெத்திபா பாலேவுக்குச் செய்ததும் அந்த மாதிரி வேலைதான். நாயகனும் நாயகியும் சேர்ந்து மெதுவாக ஆடுவது, பிறகு அவன் தனியாக, அவள் தனியாக, கடைசியில் இருவரும் வேகமாக முடிப்பது. இந்த அமைப்பை இன்றைக்கு உலகத்தில் எந்த பாலே பள்ளிக்குப் போனாலும் பார்க்கலாம். தனி ஆட்டங்களை அந்தந்த நடனக்காரியின் பலம் பார்த்து அளவெடுத்துத் தைத்தார். ஒருத்திக்குச் சுழற்சி நன்றாக வருமா, இன்னொருத்திக்குத் தாவல் வருமா என்று பார்த்துத்தான் அமைப்பார்.

இசையிலும் அப்படித்தான். 'உறங்கும் அழகி'க்கு சைகோவ்ஸ்கிக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் இந்தக் காட்சிக்கு எத்தனை அளவு இசை, எங்கே வேகம் கூட வேண்டும், எங்கே மென்மை வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நட்டுவனார் மிருதங்கக்காரரிடம் முன்கூட்டியே கணக்குச் சொல்வதில்லையா, அந்த உறவு. சைகோவ்ஸ்கி மாதிரி ஒரு மேதை அந்தக் கட்டுக்குள் நின்று எழுதியதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்போது நிழல்கள் காட்சி. அதில் வருவது வகுப்பில் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கும் அராபெஸ்க். ஒரு காலில் நின்று, முழங்காலை மடக்கி, மறு காலைப் பின்னால் நீட்டிச் சாய்வது. கடினமான அடவு ஒன்றுமே இல்லை. ஆனால் மெதுவாக, சரிவில், இருட்டில், முன்னால் இருப்பவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வரிசையில் முதலில் வருபவளுக்குத்தான் அதிக எண்ணிக்கை. கடைசியில் வருபவள் இறங்கும்போது முதலாமவளின் தொடை நடுங்கிக்கொண்டிருக்கும். அது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. நான் வரிசையில் நடுவில் இருந்தேன். என் காலைவிட என் பக்கத்தில் இருப்பவளின் கால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் மனசு முழுக்க. அவளைவிட ஒரு விரல் உயர்த்தினாலும் நான் தவறு செய்தவள். தனி ஆட்டத்தில் எந்த ஆசிரியரும் அப்படி ஒரு பணிவைக் கற்றுத்தரவில்லை.

பெத்திபா வீட்டில் சதுரங்கக் காய்களைப் போன்ற சிறு பொம்மைகளை மேசையில் நகர்த்தி வரிசைகளை யோசிப்பாராம். மேலிருந்து எடுத்த பதிவு ஒன்றைப் பாருங்கள். மார்கழியில் வாசலில் புள்ளி வைத்து வரிசை பிடிப்பது போல ஒவ்வொருத்தியும் ஒரு புள்ளி. தஸ்தயெவ்ஸ்கி போன்ற கதை சொல்லி இல்லை அவர், நாடகம் அவருக்குப் பலவீனம்தான். உடல்களை இடத்தில் வைக்கத் தெரிந்தவர். 1900இல் இந்த பாலேவை மறுபடி எடுத்தபோது இந்தக் காட்சியை இமயமலைப் பாறைகளுக்கு மாற்றி 48 பேரை இறக்கினார். நீங்கள் பார்த்த பாரிஸ் அமைப்பில் 32 பேர். நூரெயெவ் அதை 1992இல் மேடையேற்றியபோது கடுமையாக நோயுற்றிருந்தார், 1993 ஜனவரியில் இறந்துவிட்டார்.

இன்னொன்று. உடம்பெல்லாம் பொன் பூசிய சிலை ஒன்று எழுந்து ஆடுமே, அதைப் பார்த்தும் நீங்கள் கோபப்பட்டிருப்பீர்கள். அது பெத்திபா செய்தது இல்லை. 1948இல் லெனின்கிராடில் நிகோலாய் சுப்கோவ்ஸ்கி தனக்காக அமைத்துக்கொண்டது. பெத்திபாவின் பெயரில் இன்று ஓடும் எந்த பாலேவிலும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது, வெட்டியது நிறைய இருக்கும்.

வில்லியனூர் ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. முதல் பாதி பொய்தான். ஆனால் டீச்சர் அக்கா இரண்டாவது முறை உட்கார்ந்து பார்த்தது பொய்யை இல்லை.

---

கெடிலக்கரை:

டீச்சர், நீங்கள் இருக்கும் மஞ்சக்குப்பத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடும் ஊரில் இந்தக் கதையின் ஒரு நுனி இருக்கிறது. யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். எனக்கு பாலே தெரியாது. உள்ளூர் வரலாறு படிப்பது பழக்கம்.

1838இல் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து நடனப் பெண்களும் மூன்று இசைக்காரர்களும் பிரான்ஸுக்குப் போனார்கள். நம் தேவநாத சுவாமி கோயில் இருக்கும் அதே திருவந்திபுரம். தார்திவெல் என்ற பிரெஞ்சு வியாபாரி புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போனார். கப்பல் போர்தோவில் கரை சேர்ந்தது. பெயர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்கள்: தில்லே, அமனி, சவுந்திருன், ரம்குன், வெய்துன். தில்லம்மாள், அம்மணி, சவுந்தரம், ரங்கம், வேதம் என்று நம் காதுக்குக் கேட்கிறது. வேதம் சின்னக் குழந்தை. இசைக்காரர்களில் ஒருவர் பெயர் தேவநாயகம், பெருமாள் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அரசர் லூயி பிலிப் முன்னால் ஆடினார்கள். அந்த ஆகஸ்டில் பாரிஸின் வரியேத்தே நாடக அரங்கில் மேடையேறினார்கள். பிறகு லண்டன் அடெல்ஃபி அரங்கு. அதற்கு எட்டு வருடம் முன்னாலேயே, 1830இல், பாரிஸ் ஓபராவில் இந்திய நடனக்காரி கதை ஒன்று வந்து மரி தாக்லியோனி என்ற பாலே நடனக்காரி அதில் ஆடிப் புகழ் பெற்றிருந்தார். அதைப் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு முன்னால் இவர்கள் உண்மையிலேயே காலில் சலங்கை கட்டி, நிலத்தைத் தட்டி ஆடினார்கள். சுழன்றபடியே மெல்லிய துணியை முறுக்கிப் புறா செய்து காட்டும் ஆட்டம் ஒன்றும் ஆடியிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தை இன்று இங்கே யாரும் ஆடி நான் பார்த்ததில்லை.

அம்மணிக்கு அப்போது பதினெட்டு வயது என்று எழுதியிருக்கிறார்கள். தியோஃபில் கோத்தியே என்ற கவிஞர் அவரைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். ழான் ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியைச் சிறு வெண்கலச் சிலையாக வடித்தார். கை மடக்கு, தலைச் சாய்வு எல்லாம் நின்று பார்த்துச் செய்திருக்கிறார். படம் இணையத்தில் கிடைக்கும், டீச்சர் பார்த்தால் எந்த நிலை என்று என்னைவிடச் சரியாகச் சொல்வீர்கள்.

அந்த கோத்தியேதான் மூன்று வருடம் கழித்து 'ஜிசெல்' பாலேவுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர். அதற்கு மேல் லாஸ்பேட்டை அக்காவுக்குத் தெரியும்.

---

மஞ்சக்குப்பம் டீச்சர்:

கெடிலக்கரை ஐயா, எத்தனையோ சனிக்கிழமை திருவந்திபுரம் போயிருக்கிறேன். கல்யாண சீசனில் அங்கே நிற்க இடம் இருக்காது. மலைப்படி ஏறி ஹயக்ரீவரைப் பார்த்துவிட்டு வருவோம். அந்த ஊர்ப் பெண்கள் பாரிஸ் போய் ஆடினார்கள் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் குருவும் சொல்லவில்லை.

சிலைப் படத்தைத் தேடிப் பார்த்தேன். ஒரு ஆசிரியராகச் சொல்கிறேன், அந்தப் பெண் மேடைக்காக வேஷம் போட்டு நிற்கவில்லை. இடுப்பு சாய்ந்திருக்கும் விதம், மேலே போன கையின் மணிக்கட்டு, அதெல்லாம் பல வருடப் பழக்கத்தில் மட்டும்தான் வரும். சிற்பி கண்ணை நம்பிச் செதுக்கியிருக்கிறார். நிகியாவின் உடம்பில் அந்த மணிக்கட்டு எங்கேயும் இல்லை.

லாஸ்பேட்டை தங்கச்சி, எனக்கு இது தெரிய வேண்டும்: அம்மணி ஆடியதற்கும் பெத்திபா செய்ததற்கும் நேரான தொடர்பு உண்டா?

---

லாஸ்பேட்டை வீட்டுக்காரி:

கெடிலக்கரை ஐயாவுக்கு நன்றி. அக்கா, படிப்படியாகச் சொல்கிறேன்.

'ஜிசெல்' 1841இல் பாரிஸில் வந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் செத்துப்போன பெண்கள் ஆவிகளாக வெள்ளையில் வருவார்கள். அச்சில் வந்த முதல் கதைப் பிரதியில் அந்த ஆவிகளில் ஒருத்தி இந்திய நடனக்காரி, பெயர் சுல்மே, தன் நாட்டு நிலைகளைக் காட்டி ஆடுவாள் என்று இருக்கிறது. அம்மணியைப் பார்த்த கோத்தியேயின் கை அது. அந்த 'ஜிசெல்'லில் முதல் கதாநாயகனாக ஆடியவர் லூசியன் பெத்திபா. நம் மரியுஸ் பெத்திபாவின் கூடப்பிறந்த அண்ணன்.

1858இல் கோத்தியே காளிதாசரின் சகுந்தலையை பாலே கதையாக எழுதினார். பாரிஸ் ஓபராவில் அதற்கு நடனம் அமைத்தவர் அதே லூசியன். பத்தொன்பது வருடம் கழித்துத் தம்பி ரஷ்யாவில் 'லா பயதேர்' செய்கிறார். மின்கஸ் இசை, எகடெரினா வாசெம் முதல் நிகியா. பீட்டர்ஸ்பர்க்கில் 'ஜிசெல்'லைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டு இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் மரியுஸ்தான். வெள்ளை உடையில் செத்த பெண்களின் வரிசை என்ற எண்ணம் அவர் கையில் வருடக்கணக்கில் இருந்திருக்கிறது.

அதனால் தொடர்பு குடும்பம் வழியாகவும் கதை வழியாகவும் இருக்கிறது. உடம்பு வழியாக இல்லை. அம்மணியின் மணிக்கட்டு பெத்திபாவுக்குப் போய்ச் சேரவில்லை என்று நீங்கள் சொன்னது மிகச் சரி. ஒரு கவிஞர் பார்த்தார், எழுதினார், எழுதியதிலிருந்து இன்னொருவர் கதை செய்தார். ஆடும் பெண் போய், அவளைப் பற்றிய ஆசை மட்டும் மிச்சமாகிவிட்டது.

அப்புறம் இந்தச் சங்கிலி நம் பக்கமும் திரும்பி வருகிறது. பெத்திபா பதவியில் இருந்த கடைசி ஆண்டுகளில் அங்கே சேர்ந்த இளம் நடனக்காரி அன்னா பாவ்லோவா. 1902இல் நிகியாவாக ஆடினார். பிறகு தன் குழுவோடு உலகம் சுற்றினார், 1922இல் இந்தியாவுக்கு வந்தார். லண்டனில் உதய் சங்கரோடு சேர்ந்து ராதா கிருஷ்ணா ஆடினார். 1928இல் மறுபடி வந்தபோது பம்பாயில் ருக்மிணி தேவி அவர் ஆட்டத்தைப் பார்த்தார், கப்பலில் பழக்கமானார்கள். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் போங்கள் என்று பாவ்லோவா அவரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று 1935இல் அடையாறில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ரா. நேரான முதுகு, கூரான கோடு, ஒழுங்கான குழு வரிசை என்று இன்று நாம் பரதத்தில் பார்ப்பதில் அந்தப் பாலே பயிற்சியின் சுவடு இருக்கிறது என்று என் கண்ணுக்குப் படுகிறது. உங்கள் வகுப்பில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது பெத்திபாவும் ஒரு மூலையில் இருக்கிறார், அக்கா.

---

தஞ்சை வேர், புதுச்சேரி வீடு:

நான் பேச யோசித்தேன். என் அம்மா வழிப் பாட்டி இசை வேளாளர் குடும்பம். பாட்டியின் அம்மா கோயிலில் ஆடியவர். அதனால் இந்த வட்டம் இவ்வளவு அழகாகச் சுற்றி வந்து முடிவதை என்னால் அப்படியே விட முடியவில்லை.

கௌரி அம்மாள், மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று இரண்டு பெயர் சொன்னீர்கள், சரி. அவர்களுக்குப் பின்னால் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் என்ன ஆனார்கள்? 1947இல் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவதை நிறுத்தியது நியாயம், அந்தக் கொடுமையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஆட்டமும் அதே நேரத்தில் எங்கள் வீடுகளை விட்டுப் போய்விட்டது. பாட்டி பதம் பாடுவார், சமையலறையில் மட்டும். வாசலுக்குக் கேட்கும் என்றால் நிறுத்திவிடுவார். அம்மாவுக்கு ஒரு அடவுகூடச் சொல்லித்தரவில்லை.

பெத்திபாவுக்கு என்ன கிடைத்தது பாருங்கள். அவருடைய பாலேக்களை ஸ்தெபானோவ் என்பவர் உருவாக்கிய குறியீட்டில் எழுதிவைத்தார்கள். புரட்சிக்குப் பிறகு நிகோலாய் செர்கேயெவ் என்பவர் அந்தத் தாள்களை ரஷ்யாவிலிருந்து வெளியே எடுத்துப்போனார். அதை வைத்துத்தான் லண்டனில் பழைய பாலேக்களை எடுத்து நிறுத்தினார்கள். இன்று அவை ஹார்வர்டில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் படித்து ரட்மான்ஸ்கி என்ற நடன அமைப்பாளர் 2018இல் பெர்லினில் 'லா பயதேர்' பழைய வடிவத்தை மீட்டு அமைத்தார். திருவந்திபுரத்துப் பெண்களின் புறா ஆட்டத்துக்கு யார் தாள் வைத்தார்கள்? பாரிஸ் பத்திரிகைக்காரர் எழுதிய சில பத்திகள்தான் இருக்கின்றன.

ஒருவரின் மரபு வாழ்வதற்குத் திறமை மட்டும் போதாது. அரசு சம்பளமும் பள்ளியும் எழுதுகிறவரும் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறவரும் வேண்டும். பெத்திபாவிடம் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கிடைத்தது இவர்களுக்கும் கிடைத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

டீச்சர், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் அம்மணி பெயரை முதலில் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

---

வில்லியனூர் வாசகர்:

கடைசிப் பதிவைப் படித்தேன். அம்மணி பெயரை முதலில் சொல்வதாக இருந்தால் என் மறுப்பை விட்டுவிடுகிறேன். ஒரு தகவல்: கதையை மட்டும் மாற்றும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பெத்திபாவின் நடன அமைப்பை வைத்துக்கொண்டு கோயிலையும் ராஜாவையும் எடுத்துவிட்டுப் பழைய ஹாலிவுட்டில் நடப்பதாக மேடையேற்றினார்கள். நிழல்கள் காட்சிக்கு இந்தியா தேவையே இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

---

மஞ்சக்குப்பம் டீச்சர்:

எல்லோருக்கும் என் நன்றி. வெறும் வீடியோவுக்காகக் கேட்டேன், இவ்வளவு கிடைத்தது.

தஞ்சை வேர் அவர்களே, உங்கள் பாட்டி சமையலறையில் பாடிய பதங்களில் ஒன்றாவது உங்களுக்கு நினைவிருந்தால், தயவுசெய்து குரலில் பதிவு செய்து வைத்துவிடுங்கள். இராகம் சரியாக வரவில்லை என்றாலும் பரவாயில்லை. சம்மதம் என்றால் நான் புதுச்சேரி வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். உங்கள் பாட்டியின் அம்மா பெயரோடுதான் அதை என் வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன்.

வகுப்புக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். முதலில் சிற்பி பார் வடித்த அம்மணி சிலையின் படம். எந்த நிலை என்று அவர்களே நின்று பார்க்கட்டும், கையை எங்கே வைத்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்கட்டும். அப்புறம் 1838, ஐந்து பெண்கள், மூன்று இசைக்காரர்கள், கப்பல். அப்புறம் பெத்திபா யார் என்று சுருக்கமாக. நிழல்கள் காட்சி முழுதாக. முதல் பாதியிலிருந்து நிகியா கோயிலில் வரும் சில நிமிடங்கள் மட்டும் போட்டு, இதில் என்ன தவறு என்று அவர்களையே சொல்லச் சொல்வேன். எங்கள் பிள்ளைகள் விட மாட்டார்கள்.

லாஸ்பேட்டை தங்கச்சியிடம் ஒரு உதவி. அந்த அசைவைப் பிள்ளைகள் நிச்சயம் ஆடிப் பார்க்கக் கேட்பார்கள். வெறுங்காலில் சிமெண்ட் தரையில் செய்யலாமா? முழங்காலுக்கு ஆபத்து உண்டா?

---

லாஸ்பேட்டை வீட்டுக்காரி:

செய்யலாம் அக்கா, அரைமண்டி பழகிய பிள்ளைகளுக்குத் தொடை பலம் இருக்கும். மடங்கும் முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும், உள்ளே விழக் கூடாது. பின்னால் போகும் காலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க விடாதீர்கள். பாதி உயரமே போதும், எல்லோருக்கும் ஒரே உயரமாக இருப்பதுதான் முக்கியம். பின்னால் வளையும்போது கழுத்தை உடைக்காமல் மார்பிலிருந்து வளையச் சொல்லுங்கள். சரிவு வேண்டாம், சமதரையில் ஆறு பேர் வரிசை போதும். காலை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், ஒரே காலில் வைத்தால் மறுநாள் படி ஏற மாட்டார்கள்.

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், பேருந்து ஏறி வந்துவிடுகிறேன். முதலில் வருபவளை நீங்கள் தேர்ந்தெடுத்து வையுங்கள். அவசரப்படாத பிள்ளையாக இருக்க வேண்டும், நன்றாக ஆடுகிற பிள்ளையாக இருக்க வேண்டும் என்று இல்லை.